பாம் எம்515-க்கு ஏற்ற ஃபிளிப் கவர் எது: தோலா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா?

கேள்வி: பாம் எம்515 கையடக்கக் கருவியை நாட்குறிப்புக்கும் முகவரிகளுக்கும் இன்றும் பயன்படுத்துகிறேன். அதனுடன் வந்த மூடி கிழிந்துவிட்டது. பக்கவாட்டில் செருகும் தோல் மூடி, பணப்பை போன்ற முழுத் தோல் உறை, அலுமினியப் பெட்டி, மேல்நோக்கித் திறக்கும் பிளாஸ்டிக் மூடி ஆகிய நான்கும் பழைய பொருள்களாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்? விலை கூடியதுதான் நல்லதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவியின் பக்கவாட்டுப் பள்ளத்தில் செருகும் மூடியை வாங்குங்கள். ஆனால் அதன் உள்ளே வளையாத தகடு இருக்க வேண்டும். புத்தகம், சார்ஜர், தண்ணீர் பாட்டில் என்று நெருக்கியடித்த பையில் கருவியைப் போடும் வழக்கம் இருந்தால் அலுமினியப் பெட்டிக்குப் போங்கள். பணப்பை வகை வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் மூடி நல்ல நிலையில் கிடைத்தால் அது பலர் நினைப்பதைவிட நல்ல பொருள். விலையைப் பொறுத்தவரை, இந்தக் கவர்களில் கூடுதல் பணம் பெரும்பாலும் தோலின் தரத்துக்கும் தையலின் அழகுக்கும் போகிறது. உங்கள் கருவியைக் காப்பாற்றுவது அவை இரண்டுமே இல்லை.

காப்பாற்றுவது இடைவெளி. மூடிக்கும் திரைக்கும் நடுவே ஓர் இடைவெளி, மூடிக்கும் பொத்தான்களுக்கும் நடுவே இன்னோர் இடைவெளி. வெளியிலிருந்து அழுத்தம் வரும்போதும் அந்த இடைவெளி மூடிக்கொள்ளாமல் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் ஒரு ஃபிளிப் கவரை நான் மதிப்பிடுகிறேன். தோலா உலோகமா என்ற கேள்வி அதற்குப் பிறகு வருவது.

ஏன் இப்படிப் பிடிவாதமாகச் சொல்கிறேன் என்பதற்கு எம்515-இன் உட்புறத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2002-இல் வந்த கருவி இது. 160-க்கு 160 புள்ளிகள் கொண்ட வண்ணத் திரை, 16 எம்.பி. நினைவகம், உள்ளேயே பொருத்தப்பட்ட லித்தியம் பேட்டரி. நீங்கள் எழுதிவைத்த நாட்குறிப்பும் முகவரிகளும் இருப்பது அந்த 16 எம்.பி. ரேம் நினைவகத்தில். மின்சாரம் இருக்கும் வரைதான் ரேம் எதையும் நினைவில் வைத்திருக்கும். இயங்குதளம் மட்டுமே அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் தனியாக இருக்கிறது. பேட்டரி முழுவதும் தீர்ந்துவிட்டால், மறுபடி சார்ஜ் ஏற்றியதும் கருவி புத்தம்புதிதாக, வெறுமையாக எழுந்து நிற்கும். 2004-இல் டங்ஸ்டன் டி5 வந்த பிறகே பாம் வரிசையின் கையடக்கக் கருவிகளில் இந்த ஆபத்து நீங்கத் தொடங்கியது. உங்களுடையது அதற்கு முந்தையது.

இப்போது கருவியின் முன்பக்கத்தைப் பாருங்கள். கீழே நான்கு பொத்தான்கள்: நாட்காட்டி, முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்புகள். கருவி அணைந்திருக்கும்போது இவற்றில் எதை அழுத்தினாலும் அது விழித்துக்கொண்டு நேராக அந்தப் பக்கத்தைக் காட்டும். கையில் இருக்கும்போது இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. ஒரு தொலைபேசி எண் வேண்டும் என்றால் ஒரே அழுத்தம்தான். ஆனால் பைக்குள் இதே வசதிதான் எதிரி. மென்மையான மூடி பொத்தான்மேல் படிந்திருக்க, பக்கத்தில் கிடக்கும் புத்தகத்தின் மூலை அந்த மூடியை அழுத்த, கருவி விழித்துக்கொள்கிறது. ஒன்று முதல் மூன்று நிமிடங்களில் தானாக அணையும்படி அமைத்திருப்பீர்கள். அணைவதற்குள் பை இன்னொரு முறை குலுங்கும். கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். உங்களுடையது விளக்கொளியில் மிளிரும் வண்ணத் திரை என்பதால், அதே வரிசையில் கறுப்பு வெள்ளைத் திரை கொண்ட எம்500-ஐவிட வேகமாக மின்சாரத்தைக் குடிக்கும். ஒரு நீண்ட பயணத்தின் முடிவில் கருவியை எடுக்கும்போது திரை இருண்டு கிடக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது.

‘பேட்டரி செத்துவிட்டது, மாற்ற வேண்டும்’ என்று சொல்லி இந்தக் கருவிகளை என்னிடம் கொண்டுவருவார்கள். நான் முதலில் கவரைத்தான் வாங்கிப் பார்ப்பேன். மூடியின் உட்புறத்தில், பொத்தான்களுக்கு நேர் எதிரே, நான்கு வட்டத் தடங்கள் பதிந்திருந்தால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும். அந்தத் தடங்கள் மாதக்கணக்காக மூடி பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததற்குச் சாட்சி. பழைய கவரை வாங்கப்போகும் உங்களுக்கும் இது பயன்படும். விற்பவரிடம் வெளிப்புறப் படத்தை மட்டும் வாங்கிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். மூடியின் உட்புறப் படத்தைக் கேளுங்கள்.

திரையின் கதை வேறு. இன்றைய கைப்பேசித் திரைகள் விரலின் மின்தன்மையை உணர்பவை. துணியோ தோலோ பட்டால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. எம்515-இன் திரை அழுத்தத்தை உணர்வது. மேலே வளையக்கூடிய மெல்லிய படலம், அடியில் விறைப்பான அடுக்கு, இரண்டின் உள்முகத்திலும் மின்சாரத்தைக் கடத்தும் ஒளிபுகு பூச்சு, இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் நடுவே கண்ணுக்குத் தெரியாத நுண்புள்ளிகள். எது அழுத்தினாலும் படலம் வளைந்து கீழடுக்கைத் தொடும். அந்த இடத்தில் தொட்டதாகக் கருவி புரிந்துகொள்ளும். திரையில் எழுதும் குச்சியான ஸ்டைலஸ், நகம், கவரின் தையல் மேடு எல்லாம் அதற்கு ஒன்றுதான். கருவி உறங்கும்போது இந்தத் தொடுகைகளால் எதுவும் நடக்காது. ஆனால் ஒரு பொத்தான் அழுந்தி அது விழித்துக்கொண்ட பிறகு, திரையை அழுத்தும் மூடி எங்கே வேண்டுமானாலும் ‘தொடும்’. இரண்டு இடைவெளிகளும் சேர்ந்தே வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கீறலைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். உண்மையில் பாம் திரைகளில் விழும் கீறல்களில் பெரும்பகுதி ஸ்டைலஸால் வருவது. எழுத்துகளை வரையும் கீழ்ப்பகுதியைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் மேலிருந்து கீழாக ஒரே மாதிரிக் கோடுகள் தெரியும். அங்கே ஒட்டிக்கொண்ட ஒரு மணல் துகள்மேல் ஸ்டைலஸ் ஓடியதால் வந்தவை அவை. எந்தக் கவரும் இதைத் தடுக்காது. அதற்குத் திரையில் ஒட்டும் மெல்லிய படலம்தான் வழி. அந்தப் படலத்தைக் கவருடன் சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: மூடியின் உட்புறத்தில் நீண்ட மயிரிழைகள் கொண்ட துணி ஒட்டியிருந்தால் அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வழுவழுப்பான, அடிக்கடி துடைக்கக்கூடிய உட்புறமே நல்லது. வெல்வெட் போல இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

வாங்கும் முன்போ வாங்கிய உடனோ செய்து பார்க்க இரண்டு சோதனைகள் போதும்.

ஒன்று, தாள் சோதனை. சாதாரணத் தாளில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டித் திரையின் நடுவில் வையுங்கள், அதன் ஒரு முனை வெளியே நீண்டிருக்கட்டும். மூடியை மூடுங்கள். தாளை இழுத்தால் தடையின்றி வர வேண்டும். பிறகு மூடியின் நடுவில் கட்டை விரலால், ஒரு கனமான புத்தகம் அழுத்துவது போல அழுத்திக்கொண்டு மறுபடி இழுங்கள். அப்போதும் தாள் வந்தால் திரைக்கு மேலே உண்மையான இடைவெளி இருக்கிறது. பிடித்துக்கொண்டால் அந்த மூடி அலங்காரத்துக்கு மட்டும்தான். இதையே பொத்தான்களுக்கு மேலும் செய்யுங்கள். பொத்தான்கள் திரைச் சட்டத்தைவிடக் கொஞ்சம் மேலெழுந்து நிற்பதால், திரையில் தேறும் மூடிகள் பல இங்கே தோற்றுப்போகும்.

இரண்டாவது, இருட்டுச் சோதனை. வண்ணத் திரையால் உங்களுக்குக் கிடைக்கும் சாதகம் இது. இருட்டறையில் கருவியை அணைத்து, மூடி, இரண்டு கைகளாலும் பல இடங்களில் பிசைந்து பாருங்கள். ஓரத்தில் ஒளிக்கோடு தெரிந்தால் ஒரு பொத்தான் அழுந்திவிட்டது என்று பொருள். முகப்பை மட்டும் அழுத்திப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். எம்515-இன் மின்பொத்தான் மேல் விளிம்பில் இருக்கிறது. மேல்பக்கமாக மடியும் கவர்களும் இறுக்கமான உலோகப் பெட்டிகளும் அதை அழுத்த வாய்ப்புண்டு. ஆகவே மேலும் கீழுமாகவும் நெருக்கிப் பாருங்கள்.

இனி நீங்கள் குறிப்பிட்ட நான்கையும் எடுத்துக்கொள்கிறேன்.

பக்கவாட்டில் செருகும் மூடியின் பெருமை 1999-இல் வந்த பாம் ஃபைவ் கருவிக்கு உரியது. அலுமினிய உடலின் இரண்டு பக்கங்களிலும் நீளவாக்கில் ஒவ்வொரு பள்ளம்; ஒன்றில் ஸ்டைலஸ், மற்றொன்றில் மூடியின் முதுகுப்பட்டை. இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இடக்கைக்காரர்களுக்கும் அது சமமாக உதவியது. ஒரு திருகுகூட இல்லாமல், பசை இல்லாமல், கருவியின் எந்த முனையையும் மறைக்காமல் ஒரு மூடியைப் பொருத்த முடிந்தது. கையடக்கக் கருவிகளின் வரலாற்றில் கவருக்கென்று இவ்வளவு அக்கறையுடன் உடலை வடிவமைத்தவர்கள் மிகக் குறைவு என்பது என் கருத்து. எம்500 வரிசையும் அதே பள்ளங்களைத் தொடர்ந்தது. உங்களுக்குத் தேடும் வட்டம் பெரிதாவது இதனால்தான்: பாம் ஃபைவ், ஃபைவ்எக்ஸ் ஆகியவற்றுக்கென்று விற்கப்படும் செருகு மூடிகளையும் பார்க்கலாம். ஆனால் அந்த வரிசையின் வண்ணத் திரைக் கருவிகளான எம்505-உம் எம்515-உம் பாம் ஃபைவைவிடக் கொஞ்சம் தடிமனானவை. உடலைச் சுற்றிப் பிடிக்கும் பெட்டிகளில் இந்தச் சிறு வேறுபாடே இடிக்கும்; செருகு மூடியில் அவ்வளவாக இடிக்காது.

இந்த வகையில் பலவீனமான இடம் மூடியே. தோலுக்குள் என்ன வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்பது வெளியே தெரியாது. வெறும் தோல் என்றால் பயனில்லை. உள்ளே அட்டை என்றால் சில காலம் விறைப்பாக இருக்கும். வியர்வையும் ஈரமும் பட்டு நாளடைவில் தளர்ந்து, நடுவில் குழிந்து, கடைசியில் திரையின்மேலேயே படுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் அல்லது உலோகத் தகடு வைத்திருந்தால் மட்டுமே அது காலம் தாங்கும். கண்டுபிடிப்பது எளிது. மூடியின் இரண்டு எதிர் மூலைகளைப் பிடித்து மெல்ல முறுக்குங்கள். அட்டை மந்தமாக வளைந்து, விட்டதும் முழுவதும் திரும்பாது. தகடு எதிர்த்து நிற்கும், விட்டதும் சட்டென்று பழைய நிலைக்கு வரும். நகத்தால் தட்டினாலும் ஒலி வேறுபடும்.

அடுத்தது, தகடு எதன்மேல் தங்குகிறது என்பது. விறைப்பான மூடி திரைச் சட்டத்தின் விளிம்புகளில் தாங்கி நின்றால் சுமை சட்டத்துக்குப் போய் உடலில் இறங்கும், திரைக்கு வராது. நல்ல மூடிகளில் இதற்காகவே உட்புறத்தின் ஓரங்களில் மெல்லிய மேடு கொடுத்திருப்பார்கள். மேடு இல்லாமல் முழுத் தட்டையாக இருக்கும் தகடு, எவ்வளவு உறுதியாக இருந்தாலும், உயர்ந்து நிற்கும் பொத்தான்களில்தான் முதலில் போய் உட்காரும். தகடும் மேடும் சேர்ந்திருக்கிற மூடி கிடைத்துவிட்டால் மேற்கொண்டு தேட வேண்டாம்.

முதுகுப்பட்டையையும் பாருங்கள். பள்ளத்தில் செருகும் பகுதி பிளாஸ்டிக்காக இருந்தால் அடிக்கடி கழற்றி மாட்டுவதால் தேய்ந்து, ஒரு நாள் கருவி தனியாக நழுவி விழும். சார்ஜ் ஏற்றவும் கணினியுடன் இணைக்கவும் உதவும் தாங்கியான கிரேடிலில் வைப்பதற்காகக் கழற்ற வேண்டியதில்லை என்பது இங்கே ஆறுதல். கருவியின் இணைப்பு முனை அடிவிளிம்பில் இருக்கிறது, செருகு மூடி அதை மறைப்பதில்லை. ஆகவே ஒரு முறை மாட்டியதை அப்படியே விட்டுவிடுங்கள்.

பணப்பை வகையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. கடைப்படத்தில் அதுதான் கம்பீரமாக இருக்கும். ஒரு பக்கம் கருவி, மறுபக்கம் அட்டைகள் செருகும் அறைகள், பணம் வைக்க ஒரு மடிப்பு. அட்டைகள் இருப்பது எங்கே? மூடியில், அதாவது திரைக்கு நேர் எதிரே. வங்கி அட்டைகளில் எழுத்துகள் மேடாகப் பொறிக்கப்பட்டிருந்தால், அந்த மேடுகள் மெல்லிய தோலின் ஊடாகத் திரைப் படலத்தில் அழுந்தும். இரண்டு மூன்று அட்டைகள் சேர்ந்தால் மூடியே புடைத்து, மூடும்போது நடுப்பகுதி முதலில் திரையைத் தொடும். அதற்குமேல் ஒரு வார் போட்டு இறுக்கிப் பூட்டச் சொல்கிறார்கள். கருவியைக் காக்க வேண்டிய உறை அதை நாள் முழுவதும் நெரித்துக்கொண்டிருக்கிறது. இந்த வகையில் சிலவற்றில் கருவியைப் பிடித்துவைப்பது முதுகில் ஒட்டும் வெல்க்ரோ. எம்515-இன் உலோக முதுகில் ஒட்டிய வெல்க்ரோவைப் பின்னர் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பசைத் தடம் நெடுநாள் இருக்கும். கருவியைத் தழுவிப் பிடிக்கும் தோல் சட்டமுள்ள உறைகள் இதைவிட மேல். அவற்றிலும் கிரேடிலுக்காகக் கருவியை ஒவ்வொரு முறையும் உருவ வேண்டியிருக்கும். உருவுவதற்குச் சோம்பல்பட்டுக் கணினியுடன் ஒத்திசைப்பதை, அதாவது தகவலுக்குக் கணினியில் ஒரு பிரதி எடுப்பதைத் தள்ளிப்போடுவீர்கள். ரேமில் மட்டும் தகவல் வைத்திருக்கும் கருவிக்கு அது எவ்வளவு ஆபத்து என்று மேலே சொல்லிவிட்டேன்.

விலை உயர்ந்த தோல் உறைகளைப் பற்றிக் கேட்டீர்கள். அர்ஜென்டினாவின் வாஜா, ஸ்பெயினின் பியல் ஃபிராமா போன்றவர்களின் தோல் வேலை அருமையானது. கையில் எடுத்தவர்கள் கீழே வைக்க மனம் வராமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அழகான பொருளோடு வாழ ஆசைப்படுவதில் தவறே இல்லை. வாங்குவதென்றால் அவற்றையும் அதே தாளையும் அதே இருட்டையும் கொண்டு சோதித்துவிட்டு வாங்குங்கள். பெயருக்காக எந்தச் சோதனையையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அலுமினியப் பெட்டிகள் இடைவெளி விஷயத்தில் தோலைவிட நிச்சயமாக உயர்ந்தவை. இன்னோபாக்கெட், புரொபோர்ட்டா ஆகியோர் பாம் கருவிகளுக்கென்று அலுமினியத்தில் செய்தார்கள். ரைனோஸ்கின் டைட்டானியத்திலேயே செய்தது. மூடி வளையாது, பொத்தான்களைத் தொடாது. பை முழுக்கப் புத்தகங்கள் இருந்தாலும் உள்ளே திரை நிம்மதியாக இருக்கும். விலை என்ன என்றால் தடிமனும் எடையும். பாம் ஃபைவின் வம்சத்துக்கே உரிய மெலிவு அத்தோடு போய்விடும். எம்515 ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் தடிமன்; பெட்டிக்குள் போனதும் சட்டைப்பைக்கு ஏற்ற பொருளாக அது இருக்காது.

உலோகம் என்றதும் கீழே விழுந்தாலும் பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அழுத்தம் வேறு, அதிர்ச்சி வேறு. அழுத்தத்தைத் தாங்க விறைப்பு வேண்டும். விழும்போது வரும் அதிர்ச்சியைத் தாங்க, நசுங்கிக்கொடுக்கும் ஏதாவது ஒன்று நடுவே வேண்டும். உலோகப் பெட்டிக்குள் கருவி உலோகத்தோடு நேராக ஒட்டியிருந்தால், தரையில் மோதிய அடி அப்படியே திரையின் கண்ணாடிக்குப் போகும். உட்புறம் நியோப்ரீன் போன்ற மெத்தை ஒட்டியிருக்கிறதா, அது மூலைகளிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கருவிகள் மூலையில்தான் விழும். மெத்தையைத் தட்டையான பரப்புகளில் மட்டும் ஒட்டி மூலைகளை விட்டுவிட்ட பெட்டிகள் உண்டு. அடுத்து, மூடியைப் பிடிக்கும் கொக்கி. விழும் வேகத்தில் மூடி திறந்துகொண்டால் பெட்டி இருந்தும் பயனில்லை. மூடிய பெட்டியை உள்ளங்கையில் பலமாகத் தட்டிப் பாருங்கள், திறக்கக் கூடாது.

வெட்டுத் திறப்புகள் உங்கள் மாடலுக்கே உரியவையா என்பதும் முக்கியம். பாம் ஃபைவில் எஸ்.டி. நினைவக அட்டை செருகும் துளை கிடையாது, அடி இணைப்பும் வேறு. அதற்கான உலோகப் பெட்டி உங்களுக்கு உதவாது. மேல் விளிம்பில் மின்பொத்தானும் அதில் மின்னும் விளக்கும் இருக்கின்றன. நினைவூட்டல் வரும்போது அந்த விளக்கு மின்னுவதைக் காண முடியாதபடி மூடிவிடும் பெட்டியை நான் தவிர்ப்பேன். கருவி அதிர்ந்து காட்டும் என்றாலும் மெத்தைக்குள் அந்த அதிர்வு மங்கிவிடும். பின்னாளில் வந்த பாம் டி.எக்ஸ் போன்ற, வைஃபையும் ப்ளூடூத்தும் உள்ள கருவிகளுக்கு உலோக மூடி இன்னொரு தொல்லையும் தரும்; ரேடியோ அலைகளை அது மறைத்துவிடும். உங்கள் கருவியில் தகவல் அனுப்ப அகச்சிவப்பு ஒளி மட்டும் இருப்பதால் அதற்கு நேரான பார்வை கிடைத்தால் போதும்.

பிளாஸ்டிக் மூடியை ஏளனமாகப் பார்ப்பவர்கள் அதன் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1998-இல் வந்த பாம் த்ரீ தன் உடலிலேயே கீல் வைத்த விறைப்பான மூடியுடன் வந்தது. 1999-இல் ஹேண்ட்ஸ்பிரிங் வைசர் கீலையே தூக்கி எறிந்தது. முகப்பில் கவ்விக்கொள்ளும் ஒரு கடின மூடி. பயன்படுத்தும்போது அதைக் கழற்றி முதுகில் கவ்வவிட்டால் போயிற்று. கீல் இல்லாததால் கீல் உடைவதும் இல்லை. 2000-இல் பாம் எம்100 மூடியில் ஒரு சாளரம் வைத்தது. மூடியைத் திறக்காமலேயே ஒரு பொத்தானை அழுத்தி நேரத்தையும் தேதியையும் பார்க்க முடிந்தது. எளிய பிளாஸ்டிக்கில் எவ்வளவு நுட்பமான சிந்தனை! உங்கள் எம்515-இல் இப்படிக் கீல் மாட்டும் இடம் கிடையாது. ஆகவே நீங்கள் பார்த்திருப்பது உடலைச் சுற்றிப் பிடிக்கும் சட்டத்தோடு சேர்ந்த மூடியாகத்தான் இருக்க வேண்டும். சட்டத்தின் மேல்பகுதி மின்பொத்தானை அழுத்துகிறதா என்று பார்த்துக்கொண்டால் மற்றபடி குறையில்லை. கீலின் காதுகளில் வெளுத்த கோடுகள் தெரிந்தால் மட்டும் வாங்காதீர்கள். பிளாஸ்டிக் உடையப்போவதற்கு முன் அங்கேதான் வெளுக்கும்.

திறக்கும் திசையைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கவாட்டில் திறப்பது நின்றபடி எழுதுவதற்குத் தொல்லை, மேசையில் வைத்து எழுதுவதற்கு நல்லது என்பார்கள். மூடி முழுச்சுற்று மடிந்து முதுகோடு ஒட்டுமானால் இரண்டுக்குமே நல்லதுதான். பாதியில் நின்றுவிடும் மூடிதான் கையைப் படுத்தும். இடக்கையில் கருவியைப் பிடித்து வலக்கையில் எழுதுபவர்க்குக் கீல் இடப்பக்கம் இருக்க வேண்டும். மடிந்த மூடி அப்போது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மேல்நோக்கித் திறப்பது நின்றபடி எழுதுபவர்களுக்கு இயல்பாக வரும், ஆனால் பின்னால் மடித்த மூடி அகச்சிவப்புச் சாளரத்தையும் அட்டைத் துளையையும் மறைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூடியைப் பிடித்துவைக்கக் காந்தம் உள்ளவற்றைக் கண்டு சிலர் பயப்படுகிறார்கள். எஸ்.டி. அட்டையில் உள்ள தகவலுக்கு இந்தச் சிறு காந்தங்களால் ஆபத்தில்லை. அது காந்தத்தில் எழுதப்படுவதே அல்ல. காந்தப் பட்டையுள்ள அட்டைகளை அந்தக் காந்தத்தோடு ஒட்டி வைத்தால்தான் அவை கெட்டுப்போகலாம். பிரஸ் பொத்தான் வைத்த வார்களில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அதை மூடுவதற்குக் கட்டை விரலால் அழுத்தியாக வேண்டும், அந்த அழுத்தம் போய் இறங்குவது கருவியின் முகப்பில். காந்தமே மேல்.

எந்தக் கவராக இருந்தாலும் அது செய்யப்பட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. உண்மைத் தோல் காய்ந்திருக்கலாம், ஆனால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல் காற்றின் ஈரத்தாலேயே சிதைந்து, பிசுபிசுத்து, செதில் செதிலாக உரியும். பெட்டி பிரிக்காத புதுச் சரக்கு என்றாலும் இது நடக்கும். ரப்பர் போன்ற மென்பூச்சு கொடுத்த பிளாஸ்டிக்கும் இப்படியே ஒட்டத் தொடங்கும். ஒளிபுகும் மென்மையான பி.வி.சி. மூடிகளை நான் அறவே ஒதுக்குவேன். அவற்றை மென்மையாக்கக் கலந்த வேதிப்பொருள் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கில் ஏறிவிடும். திரைப் படலத்தில் அது விடும் மங்கலைத் துடைத்து எடுக்க முடியாது.

தகடு வைத்த மூடி கிடைக்கவே இல்லை என்றால், நல்ல தோல் மூடி ஒன்றை வாங்கி நீங்களே சீர்செய்யலாம். ஒரு மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தாளைத் திரைச் சட்டத்தின் வெளி அளவுக்கு வெட்டி, மூலைகளை அரத்தால் உருட்டிக்கொள்ளுங்கள். அக்ரிலிக் வேண்டாம், வளைந்தால் உடையும். மூடியின் உட்புறத் துணியின் ஓரத் தையலில் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்துத் தாளை உள்ளே செருகி மறுபடி தைத்துவிடுங்கள். பிறகு உட்புறத்தின் மேல் ஓரத்திலும் இரண்டு பக்க ஓரங்களிலும், சட்டத்தில் மட்டும் படும்படியாக, அடர்த்தியான நுரைப் பட்டையை இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். கீழே பொத்தான்கள் இருக்கும் பகுதியை வெறுமையாக விடுங்கள். பட்டையின் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டியது பொத்தான்கள்: அவற்றின் உச்சியைவிட ஒரு மில்லிமீட்டராவது கூடுதலாக இருக்கட்டும். காடிவாடை வீசும் சிலிக்கோன் பசையை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள், அதன் ஆவி உலோகத் தொடுமுனைகளை அரிக்கும். ஒட்டி முடித்து ஒரு நாள் அழுத்தி வைத்த பிறகு தாள் சோதனையைச் செய்யுங்கள். அதற்கு முன்பாகக் கருவியை ஒரு முறை கணினியுடன் ஒத்திசைத்து, எஸ்.டி. அட்டையிலும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.